ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல்: வேட்புமனு முதல் துணைத் தலைவர் ஓட்டு வரை

வார்டு மெம்பருக்கு நிற்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும், நாங்கள் முதலில் கேட்பது வாக்காளர் பட்டியலைப் பார்த்தாயிற்றா என்றுதான். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளில் வார்டுகள் மிகச் சிறியவை. சில நூறு ஓட்டுகள்தான் இருக்கும். ஒரு குடும்பத்தின் ஐந்து ஓட்டு பக்கத்து வார்டுக்குப் போய்விட்டால் முடிவே மாறிவிடும்.

ஊராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் பட்டியல் புதிதாக எடுக்கப்படுவதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் இருக்கும் பெயர்களைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். குழப்பம் வருவது அந்தப் பிரிப்பில். ஒரே தெருவில் பாதி வீடுகள் ஒரு வார்டிலும் மீதி இன்னொரு வார்டிலும் விழும். இறந்தவர் பெயர் அப்படியே இருக்கும், கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இருக்காது. வரைவுப் பட்டியல் வெளியானதும் ஊராட்சி அலுவலகத்தில் வாங்கி, கையில் பேனாவோடு தெருத் தெருவாக நடந்து சரிபாருங்கள். சட்டமன்றப் பட்டியலிலேயே பெயர் இல்லாதவர்களுக்கு முதலில் படிவம் 6 கொடுத்து அங்கே சேர்க்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.

வேட்பாளருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், எந்த வார்டில் இருந்தாலும் சரி. முன்மொழிபவர் விஷயம் அப்படியில்லை. அவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். ஊராட்சி வேலைகளுக்கு ஒப்பந்தம் எடுத்து அது நடப்பில் இருந்தால் தகுதி போய்விடும். ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வீட்டு வரியும் தண்ணீர்க் கட்டணமும் பாக்கியிருந்தால், மனுவுக்கு முன்பே கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு முதலில் துருவுவது இதைத்தான்.

வார்டு எந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. ஆனால் பொது வார்டில் பெண்கள் நிற்கக் கூடாது என்றோ, ஆதிதிராவிடர்கள் நிற்கக் கூடாது என்றோ எந்த விதியும் இல்லை. அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அதை ஏற்க வேண்டியதில்லை.

2019இல் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 100. தலைவர் பதவிக்கு 600, 300. சலுகைத் தொகை கட்டுகிறவர்கள் சாதிச் சான்றிதழ் நகலைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். பணம் கட்டிய ரசீது இல்லாமல் மனு நிற்காது.

மனுவில் தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். வார்டு எண், பாகம் எண், வரிசை எண் ஆகியவற்றைப் பழைய பட்டியலைப் பார்த்து எழுதிவிடுவார்கள். முன்மொழிபவர் வேறு வார்டுக்காரராக இருப்பார். உறுதிமொழி ஆவணத்தில் வழக்கு, சொத்து, கடன் பகுதிகளைக் காலியாக விட்டிருப்பார்கள். எதுவும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள், கோடு போடாதீர்கள். எந்தப் பதவிக்கு எந்த வடிவில் உறுதிமொழி என்பதை மனு வாங்கும்போதே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி நாள் மதியம் வரை நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தால், திருத்தி மறுபடி கொடுக்க வழியிருக்காது.

பரிசீலனை நாளில் நேரில் போய் உட்காருங்கள். எழுத்துப்பிழை போன்ற சில்லறைக் குறைகளுக்காக மனுவைத் தள்ளக் கூடாது. அதை எடுத்துச் சொல்ல நீங்கள் அங்கே இருக்க வேண்டும். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாபஸ் நாளுக்கு முந்தைய இரவுகள்தான் கடினமானவை. ஊர்க்கூட்டம் போட்டு, கோயில் திருப்பணிக்கு இவ்வளவு தருகிறவருக்கே பதவி என்று ஏலம் விடும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது சட்டப்படி குற்றம். ஊர் ஒற்றுமை என்ற பெயரில் ஏழை வேட்பாளரையும் பெண் வேட்பாளரையும் வெளியே தள்ளும் வேலை அது. மனதாரப் பேசி ஒருவர் விலகிப் போட்டியின்றி முடிவது வேறு, பணம் கொடுத்து வாங்குவது வேறு. மிரட்டல் வந்தால் கலெக்டருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, ஆணையத்தின் பட்டியலிலிருந்து ஒதுக்கும் சுயேச்சைச் சின்னம்தான். ஒன்றிய, மாவட்ட வார்டுகளுக்குத்தான் கட்சி அடிப்படை. சின்னம் கையில் வந்த பிறகு கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. 2019இல் வாபஸ் முடிந்தது டிசம்பர் 19, முதல் கட்ட வாக்குப்பதிவு 27. அந்த ஒரு வாரத்தில் வீடு வீடாகச் சின்னத்தைக் கொண்டு சேர்ப்பதுதான் பிரசாரம். பேனர் வைத்துப் பயனில்லை. மாதிரி வாக்குச்சீட்டைக் காட்டி, முத்திரையை எங்கே குத்துவது என்று முதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதில் ஓட்டு இருக்கிறது.

ஏனென்றால் கிராமத்து வாக்காளர் கையில் ஒரே நேரத்தில் நான்கு சீட்டுகள் இருக்கும். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது இளநீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். தலைவர் சீட்டில் குத்திவிட்டு மற்றதை வெறுமனே மடித்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு சின்னத்துக்கு நடுவே குத்தியும் வீணாக்குவார்கள். வாக்குச்சாவடி முகவராக உங்கள் தெருக்காரர்களை முகம் பார்த்தே அடையாளம் சொல்லக்கூடிய ஒருவரை உட்கார வையுங்கள். பெட்டிக்குச் சீல் வைக்கும்போது தாள் முத்திரையின் எண்ணை அவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணும் மையத்தில் முதலில் பெட்டிகளைக் கொட்டி நிறவாரியாகப் பிரிப்பார்கள். பிறகே எண்ணிக்கை. உங்கள் முகவரின் கண் இருக்க வேண்டியது செல்லாத சீட்டுக் கட்டில். மடித்ததால் மை எதிர்ப்பக்கம் ஒட்டியிருந்தால் அது செல்லாத ஓட்டு ஆகாது. ஒரே சின்னத்தில் இரண்டு முறை குத்தியிருந்தாலும், யாருக்கு என்பது தெளிவாகத் தெரிந்தால் செல்லும். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் முடிவை அறிவிக்கும் முன்பே காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவித்த பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடுவதுதான் வழி. சமமான ஓட்டு வந்தால் குலுக்கல்.

செலவுக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2019இல் வார்டு உறுப்பினருக்கு உச்சவரம்பு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000. முடிவு அறிவித்த 30 நாளுக்குள், தோற்றவர்களும் சேர்த்துத்தான், கணக்கை ஒப்படைக்க வேண்டும். தவறினால் 3 ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம். நோட்டீஸ் அடித்த பில், ஆட்டோ வாடகை என்று அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். ஒப்படைத்ததற்கு ஒப்புதல் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

பதவியேற்ற சில நாட்களிலேயே, மக்கள் அல்லாமல் வார்டு உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் வரும். 2020இல் ஜனவரி 6 பதவியேற்பு, 11 மறைமுகத் தேர்தல். இதை வெறும் மரியாதைப் பதவி என்று நினைத்து ஓட்டைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் ஒப்பம் தர வேண்டும். கேள்வி கேட்கத் தயங்காத ஒருவர் அந்த இடத்தில் இருந்தால்தான், போடாத தெருவிளக்குக்குப் பில் வரும்போது கையெழுத்து நிற்கும்.