பறக்காத பைலட் ஒபிசர்

எங்கள் வீடு மட்டக்களப்பு புதூரில். திமிலைதீவு ஓடுபாதை கூப்பிடு தூரம். அந்தத் தளத்தை விமானப்படை எடுத்தது 1983இல். உள்ளூர்ப் பயணிகள் சேவைக்குத் திறந்தது 2018இல். என் சின்ன வயதில் அங்கே வந்து இறங்கியதெல்லாம் படைக்காரரின் விமானங்கள்தான். சத்தம் கேட்டால் சோற்றுக் கோப்பையோடு முற்றத்துக்கு ஓடுவேன்.

உயர்தரம் முடிந்து விமானப்படை அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்தபோது விருப்பமான பிரிவு என்ற இடத்தில் 'விமானி' என்று மட்டும் எழுதினேன். இரண்டாம், மூன்றாம் தெரிவுகளை வெறுமையாக விட்டேன். வேறு எதையாவது எழுதினால் விமானி ஆசை போதாது என்று நினைப்பார்களோ என்ற பயம். மடத்தனம்.

மருத்துவப் பரிசோதனைக்கு இரவுக் கோச்சியில் கொழும்பு போனேன். உயரம், எடை எல்லாம் சரி. கடைசியாக வண்ணப் புள்ளிகள் போட்ட புத்தகம் ஒன்றை விரித்தார்கள். முதல் பக்கம் 12. அதை யாரும் வாசிப்பார்கள். சில பக்கம் தள்ளி வந்த ஒன்றை 21 என்றேன். டொக்டர் தலை நிமிராமல், "இன்னொரு தரம் பாருங்க" என்றார். எனக்கு 21தான். அங்கே இருந்தது 74. சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாத கண்ணுக்கு அது 21 ஆகத்தான் தெரியுமாம். மாம்பழம் பழுத்ததா என்று நான் எப்போதும் அமத்திப் பார்த்தே கண்டுபிடித்தது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இரண்டு நாள் சாப்பிடவில்லை. விமானப்படையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமாதான் வந்து ஏசினார். "ஒரு பிளேன் மேலே போக கீழே எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா? அவங்களும் ஒபிசர்மார்தான். மறுகா என்னத்துக்கு அழுறாய்?"

அடுத்த விளம்பரம் வந்தபோது அவரோடு இருந்து ஒவ்வொன்றாகக் கழித்தோம். பொறியியல், மருத்துவம், சட்டம் எல்லாவற்றுக்கும் தனித் தகைமை வேண்டும். வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு ஆசையாக இருந்தது, ஆனால் கோபுரத்திலிருந்து காட்டும் சைகை விளக்கிலும் சிவப்பும் பச்சையும் வரும். நிர்வாகம், தளங்களைக் காவல் காக்கும் ரெஜிமென்ட், சாமான்களைச் சேமித்து வழங்கும் லொஜிஸ்டிக்ஸ் மிஞ்சின. முதல் தெரிவாக லொஜிஸ்டிக்ஸ் போட்டேன். இந்த முறை ஒரு தெரிவையும் வெறுமையாக விடவில்லை.

நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் கேட்டார்கள்: ஏன் லொஜிஸ்டிக்ஸ்? மனப்பாடம் செய்தது மறந்துபோச்சு. அப்பாவின் பலசரக்குக் கடையைப் பற்றிச் சொன்னேன். புது மூட்டை வந்தால் பழையதை முன்னுக்கு இழுத்துவிட்டு, புதியதைப் பின்னால் அடுக்க வேண்டும். தவறினால் அப்பா குட்டுவார். நடுவில் இருந்தவர் சிரித்துவிட்டார். அப்போதே மனசு கொஞ்சம் இளகியது.

பயிற்சியைப் பற்றி நீட்டவில்லை. தியத்தலாவைக் குளிர், பிறகு சீனக்குடா வெயில். சிங்களம் திட்டு வாங்கி வாங்கியே வந்தது.

வேலை அந்தக் கடைதான், பெரிய அளவில். என் கையில் முதலில் வந்த பிரச்சினை மோதிர அளவு ரப்பர் வளையம் ஒன்று. எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் சாமான். உறை பிரிக்கப்படவில்லை, பார்வைக்குப் புத்தம் புதிது. ஆனால் ரப்பர் றாக்கையில் சும்மா கிடந்தாலும் இறுகிப்போகும். உறையில் அச்சிட்ட திகதி கடந்துவிட்டிருந்தது. ஹெலி காத்து நிற்கிறது, தொழில்நுட்ப அதிகாரி என்னைவிட மூத்தவர், அவசரத்தில் குரல் உயர்ந்தது. நான் கொடுக்கவில்லை. அன்றைக்கு அந்த ஹெலி பறக்கவும் இல்லை. மாலையில் அவரே தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்.

விண்ணப்பிக்கப் போகிற தம்பி தங்கச்சிமார், கண்ணை முதலில் ஊரிலேயே காட்டுங்கள். விமானப்படைத் தளபதி கதிரை எங்களைப் போன்ற பறக்காத தரைப்பிரிவுக்காரருக்கு எட்டாது என்பதையும் தெரிந்துகொண்டே வாருங்கள். எனக்கு அது உறுத்தவில்லை, சிலருக்கு உறுத்தும்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் இன்னும் விளக்க முடியவில்லை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் முதல் பதவியின் பெயர் பைலட் ஒபிசர். அம்மா ஒழுங்கை முழுக்க "மகன் பைலட்" என்று சொல்லிவிட்டார். அடுத்தது பிளையிங் ஒபிசர்; அது இன்னும் மோசம். பிளைட் லெப்டினன்ட் ஆனதைச் சொல்ல எடுத்தபோது ரகசியமாகக் கேட்டார்:

"இனியாவது பறக்க விடுவாங்களா மகன்?"