ஜவ்வரிசி மில்லில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வந்தது இப்படித்தான்

ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். மரவள்ளிக்கிழங்கு வந்து இறங்கும் சீசனில் தோல் உரிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்கக் கை ஈரத்திலேயே இருக்கும், ஆனால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் போக வேண்டுமே! இருந்த ஒரே கழிப்பறை ஆண்களுக்கும் பொது. தாழ்ப்பாள் சரியாக விழாது. கதவு வேறு மூட்டை பிடிக்கிற அறைக்குள்ளேயே திறக்கும். நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்காத அக்கா அங்கே குறைவு.

உணவுப் பாதுகாப்பு உரிமம் புதுப்பிக்கிற நேரம் வந்தது. 2011 உரிம விதிமுறைகளில் நான்காம் அட்டவணையை முதலாளியிடம் காட்டினேன். ஆண், பெண்ணுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும், அது உணவு தயாரிக்கிற, இருப்பு வைக்கிற இடத்துக்குள் நேராகத் திறக்கக் கூடாது, கை கழுவித் துடைக்க வசதி வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பெண்கள் படும் கஷ்டத்தைச் சொன்னபோதெல்லாம் "பார்க்கலாம்மா" என்றவர், உரிமம் என்றதும் கொத்தனாரைக் கூப்பிட்டார். எனக்கு அது வருத்தம்தான். சரி, வேலை நடந்தது.

சுவர் எழுப்புவது சுலபம், தண்ணீர்தான் பெரும்பாடு. கிழங்கு கழுவ மோட்டார் ஓடினால் கழிப்பறைக் குழாயில் சொட்டு வராது. தனித் தொட்டி வைத்துத் தனிக் குழாய் இழுத்த பிறகுதான் தீர்ந்தது. கை கழுவத் திருகு குழாய் வாங்கி வந்திருந்தார்கள், திருப்பி அனுப்பச் சொன்னேன். அழுக்குக் கையால் திறந்து, கழுவிய கையால் அதையே மூடினால் என்ன பிரயோஜனம்? ஜவ்வரிசி வறுபட்டுக் காய்ந்த பிறகு மூட்டை பிடிக்கும்போது படுகிறது அந்தக் கைதான். அப்புறம் காலால் மிதிக்கிற குழாய் போட்டோம். பொதுத் துண்டை எடுத்துவிட்டுக் காகிதத் துண்டு, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, மேலங்கியைக் கழற்றி மாட்ட வெளியே ஆணி, உள்ளே போகத் தனிச் செருப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியம்மா கேட்டார்: "கண்ணு, உள்பக்கம் தாழ்ப்பாள் நல்லா விழுதா?" அவரையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று முறை போட்டுத் திறந்தார்.

அதிகாரி வந்து குழாயை மிதித்துப் பார்த்தார், எல்லோருடைய மருத்துவச் சான்றிதழையும் கேட்டார். உரிமம் வந்துவிட்டது.

ஜவ்வரிசி காயப்போடும் களம் மில்லுக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. அங்கே வெயிலில் நிற்கிறவர்கள் இவ்வளவு தூரம் நடந்து வர வேண்டியிருப்பதால் அங்கேயும் ஒன்று கேட்டிருக்கிறேன். குழாய் எந்தப் பக்கமாக இழுக்கலாம் என்று பிளம்பர் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.