பூச்சி வைரஸ் உறைப் புரதங்கள்: சோதனைக்கு நான் படித்த விதம்

பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் வைராலஜி (வைரஸ் இயல்) தாளுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு, இந்தப் பாடத்தில் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் புழுவின் குடலை வரைந்து, வைரஸ் உள்ளே போகும் வழியில் எந்தப் புரதம் எங்கே வேலை செய்கிறது என்று அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் படித்தேன்.

முக்கியமானது பூச்சிகளின் புழுக்களைத் தாக்கும் பேக்குலோவைரஸ் குடும்பம், அதிலும் ஏசிஎம்என்பிவி என்ற வைரஸ். மரபணுத் தொகுதி ஒன்றுதான், உறை மட்டும் இரண்டு விதம். இலையோடு புழு விழுங்கும் பாலிஹெட்ரா (வைரஸைப் பொதிந்து வைத்திருக்கும் புரதப் படிகங்கள்) அதன் நடுக்குடலின் கடும் காரத்தில், பிஎச் 10-ஐ ஒட்டி, கரைந்து ஓடிவி (படிகத்துக்குள் இருந்த வைரஸ் வடிவம்) வெளியே வருகிறது. அதன் உறையிலுள்ள பி74, பிஐஎஃப்1, பிஐஎஃப்2 வகைப் புரதங்கள் இல்லாமல் குடல் செல்லுக்குள் நுழைய முடியாது. அப்புறம் அந்தச் செல்லிலிருந்து மொட்டுவிட்டுக் கிளம்பும் பிவி (செல்லுக்குச் செல் பரவும் வைரஸ் வடிவம்), செல் சவ்வைப் போர்த்திக்கொண்டு போகிறது, அந்தச் சவ்வில் ஜிபி64 என்ற வைரஸ் புரதம் முன்கூட்டியே வந்து நிற்கும். ஓடிவிக்கு உறை கிடைப்பதோ நியூக்ளியஸுக்குள்ளேயே. உறை கிடைத்த இடம் தெரிந்தால் புரதம் ஏன் வேறு என்பது தானாகப் புரியும்.

பலர் குழம்புவது பிஎச்சில்தான். பாலிஹெட்ரா கரையக் காரம் வேண்டும், ஆனால் ஜிபி64 வடிவம் மாறி சவ்வுகளை இணைக்க எண்டோசோமின் (வைரஸைச் செல் உள்ளிழுக்கும் சவ்வுப் பை) அமிலம் வேண்டும். படத்தில் இரண்டையும் வேறு வேறு நிறத்தில் எழுதுங்கள்.

சரி, கேள்வி எப்படி வரும்? "பி74 மரபணுவை நீக்கினால் என்ன ஆகும்?" வாய்வழித் தொற்று நின்றுவிடும், ஆனால் பிவியைப் புழுவின் உடற்குழிக்குள் ஊசியால் செலுத்தினால் தொற்றும். ஜிபி64-ஐ நீக்கினால் தலைகீழ், முதல் குடல் செல்கள் வரை தொற்றும், அங்கிருந்து மற்ற செல்களுக்குப் பரவாது. இந்த இரண்டு பதிலையும் காரணத்தோடு எழுதத் தெரிந்தவர் பாடத்தைப் பிடித்துவிட்டார் என்பேன். ஜிபி64 இல்லாத இரண்டாம் குழு ஆல்ஃபாபேக்குலோவைரஸ்களில் (பேக்குலோவைரஸ் குடும்பத்தின் ஒரு பிரிவு) அந்த வேலையை எஃப் புரதம் செய்கிறது, இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

உதாரணம் கேட்டால் நம் ஊர்க்கதையே இருக்கிறது. தென்னையையும் செம்பனையையும் குடையும் காண்டாமிருக வண்டின் வைரஸை அலாய்ஸ் ஹூகர் 1963-இல் மலாயாவில்தான் கண்டுபிடித்தார், 1967-இல் அது சமோவாவில் வண்டுகளை அடக்கப் பயன்பட்டது. அது இன்று நூடிவைரஸ் என்ற, பேக்குலோவைரஸுக்கு உறவான வகை, அதனிடமும் பிஐஎஃப் மரபணுக்கள் உண்டு. பேக்குலோவைரஸோடு ஒப்பிட்டு எழுத இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.