கிரெயின் பின்னும் ஈரச் சோளமும்

அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலத்துல புளூமிங்டன் பக்கம் கார் ஓட்டுனவங்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு, நடுவுல ஒரு வீடு, அதுக்குப் பின்னாடி வெள்ளி கலர்ல உருளை உருளையா தகர டேங்க். அறுவடை பண்ண சோளத்தைக் கொட்டி வைக்குற அதான் கிரெயின் பின். ஆபீஸ்ல என் கூட வேலை பாக்குற ஒருத்தரோட அப்பா விவசாயி, அறுவடை டைம்ல கூட்டிட்டுப் போனாரு, ஏணி ஏறி கூரையில இருக்குற கதவு வழியா எட்டிப் பாத்தா மஞ்சளா மட்டமா கெடக்கு, தாராளமா இறங்கி நடக்கலாம் போலத்தான் தோணும்.

ஆனா அடியில நடுவுல ஒரு ஓட்டை இருக்கு, அதுக்குக் கீழ சோளத்தை வெளிய தள்ளுற ஆகர், திருகு மாதிரி சுத்துற மெஷின். அது ஓடும்போது சோளம் மொத்தமா மட்டமா இறங்காது, ரைஸ் மில் தொட்டியில நெல்லு நடுவுல குழி விழுந்து இறங்குமே, அப்படி மேல இருக்குறதுதான் மொதல்ல நடுவுல போகும். அங்க ஆள் நின்னா 4, 5 செகண்ட்ல காலை உருவ முடியாது, ஒரு 20, 25 செகண்ட்ல ஆளே முழுசா உள்ள போயிடுவாரு. நெஞ்சளவு மாட்டுனாலே மோசம், ஒவ்வொரு தடவை மூச்சை விடும்போதும் அந்த எடத்துல சோளம் வந்து இறுக்கிக்கும்.

சரி, யாரு அதுக்குள்ள இறங்கச் சொன்னா? ஈரம்தான். மக்காச்சோளத்துல ஈரம் 15 சதவீதத்துக்கு மேல போகாம காய வெச்சு கொட்டணும், அடுத்த கோடை தாண்டியும் வைக்கணும்னா இன்னும் கம்மியா இருக்கணும். காய வைக்க கேஸ் செலவு, மழை வேற, அவசரத்துல அப்படியே கொட்டிடுறாங்க. பூசணம் புடிச்சு கட்டி கட்டியா ஆகி ஓட்டையை அடைச்சுக்கும், இல்லன்னா மேல பொருக்குத் தட்டி அடியில மட்டும் காலியாகி குகை மாதிரி நிக்கும், கம்பியை எடுத்துக்கிட்டு குத்தி விட இறங்குறவங்க கால் வெச்சதும் பொருக்கு உடையும். 2009 அறுவடை செம ஈரம், லேட்டும் கூட, அடுத்த வருஷமே இப்படி மாட்டுனவங்க பர்டூ பல்கலைக்கழகக் கணக்குல 50ஐத் தாண்டிட்டாங்க, அதுவரைக்கும் அவங்க பதிவு பண்ணதுலயே அதுதான் அதிகம்.

அந்த 2010 ஜூலைலதான் இதே மாநிலத்துல மவுண்ட் கரோல்ல நடந்தது. உள்ள இறங்கி சோளத்தைத் தள்ளி விடுற வேலைக்குப் பசங்களை விட்டிருக்காங்க, கயிறு பெல்ட் எதுவும் இல்ல, 14 வயசுப் பையனை சோளம் இழுத்துடுச்சு, காப்பாத்தப் போன 19 வயசுப் பையனும் போயிட்டான், இன்னொருத்தனை மட்டும் பல மணி நேரம் கழிச்சு உயிரோட எடுத்தாங்க. அவங்களை வேலைக்கு வெச்ச கம்பெனிக்கு 5,55,000 டாலர் அபராதம் போட்டு அப்புறம் அதை 2,00,000 ஆக்கிட்டாங்க. படிச்சப்போ வயிறு எரிஞ்சது.

அதுவாவது கம்பெனி, சட்டம் உள்ள வந்துச்சு. குடும்பத்து ஆள் போக 10 பேரோ அதுக்குக் கம்மியாவோ வேலைக்கு இருக்குற பண்ணையில, தொழிலாளர்கள் தங்குற கேம்ப் இல்லன்னா, தொழிலாளர் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் கால் வைக்கவே முடியாது, 1970கள்லேர்ந்து பட்ஜெட் மசோதாவுல அதுக்குக் காசு செலவழிக்கக் கூடாதுன்னு எழுதிடுறாங்க. விவசாயியைத் தொல்லை பண்ணக் கூடாதாம்! ஆனா இறங்குறது அவரும் அவர் புள்ளையும்தானே?

நாங்க போன வீட்டுப் பெரியவர் ஆகர் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு போட்டு வெச்சிருக்காரு, உள்ள யாரு போறாங்களோ சாவி அவங்க பாக்கெட்ல. வேற யாரும் தெரியாம ஆன் பண்ணிட முடியாது. என்னைக் கேட்டா இருக்குறதுலயே உருப்படியான விஷயம் அந்தப் பூட்டுதான், விலையும் பெருசா இல்ல.

யாராவது மாட்டிட்டா ஆகரை நிறுத்திட்டு ஃபயர் சர்வீஸைக் கூப்பிடணும், பின்னுக்குள்ள காத்து அடிக்குற ஃபேன் இருந்தா போட்டு விடணும். கயிறு கட்டி இழுத்தா ஆளுக்குத்தான் அடிபடும். அவங்க கொண்டு வர்ற தகடுகளை மாட்டுனவரைச் சுத்திக் குழாய் மாதிரி இறக்கி, அதுக்குள்ள இருக்குற சோளத்தை மட்டும் எடுத்து ஆளை விடுவிப்பாங்க. பதட்டத்துல கீழ தொறந்து விட்டா சோளம் வடிஞ்சிடும்னு சில பேர் ஓடுவாங்க, அதை மட்டும் செய்யவே கூடாது, வடியுற சோளத்தோட ஆளும் சேர்ந்து கீழ போயிடுவாரு.