அம்பைக்குத் துப்பாக்கி பார்க்கப் போனோம்

பாளையங்கோட்டையில் இருக்கும் அக்கா மகளுக்கு ஏர் ரைபிள் பைத்தியம் பிடித்திருக்கிறது. கடலூரில் பிறந்த ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வந்த வினை. அத்தான் சுலபத்தில் மசியவில்லை. கடைசியில், “பத்தாயிரத்துக்குள்ள கிடைச்சா பாப்போம்” என்று இறங்கி வந்தார். அந்த விலைக்குக் கடையில் காட்டிய புதுத் துப்பாக்கிகள் எனக்குத் திருப்தியாக இல்லை. கொஞ்சம் உருப்படியாகத் தெரிந்தவை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டின. சரி, பழையதாவது பார்க்கலாம் என்று விசாரித்ததில் கல்லிடைக்குறிச்சியில் ஒன்றும் அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் ஒன்றும் விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. காலேஜில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டவன் என்பதால் என்னையும் கிளப்பிக்கொண்டு போனார்.

திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினால் இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிட வேண்டும். சேரன்மகாதேவி தாண்டியதும் மலை கிட்டே வந்துவிடும். தை மாதம். பிசானப் பருவ நெற்பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை கட்டி நின்றது. வரப்பில் மயில்கள், ஒன்றிரண்டு அல்ல, கூட்டமாக. அத்தான் மலையையும் பார்க்கவில்லை, மயிலையும் பார்க்கவில்லை. “லைசென்ஸ் கேப்பாங்களா மாப்ள?” என்று ஆரம்பித்துவிட்டார்.

2016 ஆயுத விதிகளின்படி குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ, பாய்கிற ரவையின், அதாவது சின்னக் குண்டின், ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோதான் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டும். 0.177 என்பது நம் கணக்கில் 4.5 மில்லிமீட்டர். போட்டிகளில் சுடுவதும் இதே அளவுதான். அதனால் எங்கள் தேவைக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் பில்லும் விற்பவரின் அடையாள அட்டை நகலும் இல்லாமல் வாங்கக் கூடாது என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பேர்போன ஊர். நாங்கள் தேடிப் போன வீட்டு மாடியிலும் அப்பளம்தான் காய்ந்துகொண்டிருந்தது. விற்கிற தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். துப்பாக்கியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். புதிதாக வார்னிஷ் அடித்த கட்டை பளபளவென்று மின்னியது. “1200 அடி வேகம் அண்ணாச்சி! பிச்சுக்கிட்டுப் போவும்.”

விநாடிக்கு 1200 அடி என்றால் 366 மீட்டர். சாதாரண ஈய ரவை அரை கிராம் இருக்கும். கிலோ கணக்கில் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 33 ஜூல் வருகிறது. அவர் சொல்வது உண்மையானால் அதை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. பொய்யானால் மற்றதையும் நம்ப முடியாது. அரை கிராம் ரவைக்கு 20 ஜூல் என்பது விநாடிக்கு 283 மீட்டரிலேயே, அதாவது 930 அடி வாக்கிலேயே முடிந்துவிடும். அட்டைப்பெட்டியில் அச்சடிக்கிற பெரிய எண்களும் பெரும்பாலும் எடை குறைந்த உலோக ரவையை வைத்து எடுத்தவை. இன்னொன்றும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய பத்து மீட்டர் போட்டிக்கான துப்பாக்கிகளே விநாடிக்கு 170, 180 மீட்டர் வேகத்தில்தான் சுடும். வேகத்தைச் சொல்லி விலை கேட்பவரிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

தம்பி ஒரு டப்பாவைச் சுட்டுக் காட்டினார். படீர் என்று சத்தம். குழல் வாயில் மெல்லிய புகை, கருகின எண்ணெய் வாசம். அத்தான் மிரண்டு போய் என்னைப் பார்த்தார். அந்தச் சத்தம் துப்பாக்கியின் பலமே இல்லை. உள்ளே எண்ணெய் விட்டிருந்தால் பிஸ்டன் காற்றை அழுத்துகிற சூட்டில் அது பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். விற்பதற்கு முன்னால் ரெண்டு சொட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்பிரிங்குக்கும் சீலுக்கும் அது கேடு.

வாங்கிப் பார்த்தேன். பேரலை, அதாவது குழலை, மடக்கி ரவை போடுகிற துப்பாக்கியில் முதலில் பார்க்க வேண்டியது அது மடங்குகிற மூட்டுதான். மூடிய பிறகு பேரலைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் இம்மியும் ஆடக் கூடாது. இது கடகடவென்று ஆடியது. ஸ்குரூக்களின் தலை சிதைந்திருந்தது, எத்தனை பேர் திறந்து பார்த்தார்களோ! ரவை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பேரலை மடக்கி, பின்பக்கம் ஒரு வெள்ளைத்தாளை வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கமாக உள்ளே பார்த்தேன். ரவையைச் சுழற்றி அனுப்புகிற சுருள் பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். வாய்ப்பக்கம் அவை தேய்ந்து, விளிம்பில் ஒரு வெட்டும் விழுந்திருந்தது. ரவை கடைசியாக விட்டுப் பிரிகிற இடம் அந்த விளிம்புதான். அங்கே பழுது இருந்தால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

“தம்பி, இது பலூன் கடைத் துப்பாக்கியா?”

சிரித்துவிட்டார். திருவிழாவில் பலூன் கடை போடுகிறவரிடம் வாங்கியதாம். பத்தடியில் இருக்கும் பலூன் எதில் சுட்டாலும் வெடிக்கும். ஏழாயிரம் கேட்டார். அத்தான் ஐந்துக்குக் கேட்க வாயெடுத்தார், நான் கையை அழுத்தினேன். ஸ்பிரிங் போனால் மாற்றலாம், வாஷர் போனால் மாற்றலாம். பேரல் போன மலிவுத் துப்பாக்கிக்கு வேறு பேரல் தேடுகிற செலவில் புதிதே வாங்கலாம்.

தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டினால் அம்பை. டீக்கடையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஒரு பெரியவர், “மயிலுக்கா, பன்னிக்கா?” என்றார். ரெண்டுக்கும் இல்லை, பிள்ளை போட்டிக்குச் சுட என்றதும் அவருக்கு உற்சாகமே போய்விட்டது. மயில் கதிரை உருவுகிறது, பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் வாழையை உழுதுவிடுகிறது, சுற்றிப் பழைய சேலை கட்டியும் பலனில்லை என்று புலம்பினார். அவர் தாத்தாவிடம் பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி இருந்ததாம். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டுமாம். அவர் கஷ்டம் நியாயம்தான். ஆனால் மயில் தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. ஏர் கன்னால் அடித்தாலும் குற்றம் குற்றம்தான். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிற ஊரில், துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வயல்பக்கம் நடப்பதே வம்பு.

அம்பையில் விற்றவர் ரிட்டயர் ஆன பேங்க் ஊழியர். மகனுக்கு வாங்கியது, மகன் வெளிநாட்டில். பெட்டி, பில் எல்லாம் பத்திரம். எட்டாயிரத்து ஐந்நூறு கேட்டார். வார்னிஷ் மங்கியிருந்தது, அடிப்பக்கம் புள்ளி புள்ளியாகத் துரு. ஆனால் ஸ்குரூத் தலை ஒன்றுகூடக் கீறவில்லை, மூட்டு ஆடவில்லை, பேரலுக்குள் பள்ளங்கள் பளிச்சென்று இருந்தன. முன் ஸ்குரூ பக்கம் கட்டையில் மயிரிழை போல ஒரு விரிசல்.

வீட்டுக்குப் பின்னால் மதில் சுவர். அதன் முன் மணல் நிரப்பிய சாக்கு, அதன்மேல் அட்டை, டேப் வைத்து அளந்து பத்து மீட்டர். முதலில் டிஷ்யூ தாளில் மெல்லிய கீற்றாகக் கிழித்து மூட்டின்மேல் வைத்துச் சுட்டேன். கீற்று லேசாகத் துள்ளியது. காற்று கசிகிறது, வாஷர் மாற்ற வேண்டும். அப்புறம் ஐந்து ரவை. ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, மேஜைமேல் அழுத்தி வைத்தும் சுடக் கூடாது. உள்ளே பிஸ்டன் ஓடும்போது அது குதிக்கும். இடது உள்ளங்கையில் சும்மா கிடத்திச் சுட வேண்டும்.

ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. ஆனால் கறுப்பு வட்டத்துக்கு வலப்பக்கம் மூன்று விரல் தள்ளி. அத்தான் முகம் வாடிவிட்டது. “குறி தப்புதே மாப்ள!” குறி தப்பினால் குறி பார்க்கிற சைட்டைத் திருப்பிச் சரி செய்யலாம். ரவைகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறினால்தான் திருப்புவதற்கு எதுவும் இல்லை. பின் சைட்டை இடப்பக்கம் திருகிவிட்டு மறுபடி சுட்டேன். கூட்டம் அப்படியே வட்டத்துக்குள் நகர்ந்து வந்தது. போட்டி அட்டையில் பத்துப் புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர்தான். அதற்கெல்லாம் இந்தத் துப்பாக்கி காணாது. பிள்ளை பழகுவதற்குத் தாராளமாகப் போதும்.

அப்புறம் பேரம். பழைய ஏர் ரைபிளுக்கு என் கணக்கு, புது விலையில் பாதி. பேரல் சுத்தமாக இருந்தால் ஆயிரம் கூட்டலாம், ரிப்பேர் செலவைக் கழித்துக்கொள்ள வேண்டும். அதே மாடல் அப்போது புதிது பன்னிரண்டரை ஆயிரம். வாஷர், ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ஆகும் என்று வைத்து, ஐந்தே முக்காலில் ஆரம்பித்தேன். “புதுசு என்ன விலை விக்குன்னு தெரியும்லா தம்பி? எட்டுக்குக் கீழ கட்டாது” என்றார் அவர். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா, “கட்டிலுக்கு அடியில கெடந்து துருப்பிடிக்கிறதுக்குப் பதிலா கொடுத்துவிடுங்க, சின்னப்பிள்ளைக்குன்னு கேக்காவ” என்றார்கள். ஆறாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது, ரெண்டு டப்பா ரவையோடு. துப்பாக்கியின் நம்பர், தேதி, இரண்டு பேர் கையெழுத்து எல்லாம் போட்டு ஒரு தாள் எழுதி, அடையாள அட்டை நகல், பழைய பில் இரண்டையும் அதோடு பின் பண்ணி வாங்கிக்கொண்டோம்.

வாஷர் பிறகு பார்சலில் வந்தது. மாற்றிச் சுட்டுப் பார்த்ததில் டிஷ்யூக் கீற்று அசையவில்லை. விரிசலுக்கு அத்தானே பசை வைத்துவிட்டார். துப்பாக்கி அவர் பீரோவில், ரவை அக்கா பீரோவில். பெரியவர்கள் யாராவது கூட இருந்தால்தான் இரண்டும் வெளியே வரும். சுட்டு முடித்ததும் ஈயம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. மருமகளுக்கு ஒரே ஒரு குறை, டிரிகர் கனமாக இருக்கிறதாம். இருக்கிறதுதான். இந்த விலைக்கு அப்படித்தான் டிரிகர் வரும்.