தாளம் மொதல்ல கால்ல வரட்டும்

எங்க தெருவுல சின்னப் புள்ளைகளுக்கு சாயங்காலம் தாளம் சொல்லிக் குடுக்குறேன், உக்கார வச்சு கையத் தட்டச் சொன்னா மூணு வயசுல நிக்கவே நிக்காது, அதையே "தக திமி, தக திமி"ன்னு சத்தமா சொல்லிக்கிட்டே நடக்கவிட்டா தானா ஒட்டிக்கிது. முக்கியமா, சின்னதுகளோட இயல்பான வேகம் நம்மள விட ஜாஸ்தி, அதனால மொதல்ல அதுக நடைக்கு நாம தட்டணும், மெதுவான தாளம்தான் அதுகளுக்குக் கஷ்டம். அப்புறம் கும்மி, கோலாட்டம், குச்சியோட குச்சி படுற சத்தமே யாரு பிந்துறான்னு சொல்லிரும். நடுவுல நான் தட்டுறத நிறுத்திருவேன், அதுக மட்டும் விடாம போகணும், எனக்கு ரொம்பப் புடிச்ச விளையாட்டே இதுதான். சித்திரைத் திருவிழால மேளச் சத்தம் கேட்டா புள்ளைய இடுப்புல வச்சு ரோட்டுலயே குதிங்க, வெக்கப்படாதீங்க!