வாக்குச்சாவடியில் இயந்திரம் நின்றால்

தேர்தல் டூட்டியில் "மெஷின் நின்னுபோச்சு" என்று தகவல் வந்தால் முதலில் கேட்க வேண்டியது "எந்த யூனிட்?" என்பதுதான். வாக்குப்பதிவு இயந்திரம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் சாவடியில் இருப்பவை மூன்று கருவிகள். அலுவலர் மேசையில் வாக்குகளைப் பதிந்து வைக்கும் கன்ட்ரோல் யூனிட், வாக்களிக்கும் மறைவுக்குள் வேட்பாளர் பொத்தான்கள் உள்ள பேலட் யூனிட், அதன் பக்கத்திலேயே போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட். மூன்றும் ஒரே மாதிரி பழுதாவதில்லை. பழுதானால் மாற்றும் முறையும் ஒன்றில்லை.

அதிகம் படுத்துவது விவிபேட்தான். மற்ற இரண்டிலும் பொத்தான்களைத் தவிர அசையும் பாகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. விவிபேட்டோ ஒரு பிரிண்டர். வெப்பத்தால் எழுத்து பதியும் காகிதச் சுருள், அதை நகர்த்தும் மோட்டார், சீட்டை வெட்டும் கட்டர், காகிதம் எவ்வளவு நகர்ந்தது, எழுத்து பதிந்ததா என்று ஒளியை வைத்துப் பார்க்கும் சென்சார்கள் என்று எல்லாமே ஒவ்வொரு வாக்குக்கும் பிசகாமல் ஓட வேண்டும். சீட்டு கண்ணாடி வழியே 7 விநாடி தெரிந்து, வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் விழுந்த பிறகே கன்ட்ரோல் யூனிட்டில் வாக்கு பதிவாகும். நடுவில் எங்கே தடைபட்டாலும் மொத்தமும் நின்றுவிடும். வாக்காளருக்கு இது எரிச்சல்தான். ஆனால் சீட்டு விழாமல் வாக்கு மட்டும் பதிவாகும் இயந்திரத்தைவிட, நின்றுபோகும் இயந்திரம் எவ்வளவோ மேல்.

2018 மே மாத இடைத்தேர்தல்களில் இது பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தின் கைரானா, மகாராஷ்டிரத்தின் பண்டாரா-கோந்தியா ஆகிய மக்களவைத் தொகுதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு விவிபேட்டை மாற்ற வேண்டிவந்தது. கைரானாவில் 73 சாவடிகளிலும் பண்டாரா-கோந்தியாவில் 49 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவு நடந்தது. நேரடி வெளிச்சம் பட்டு சென்சார்கள் குழம்பின, காகிதச் சுருள் ஈரப்பதத்தை இழுத்துக்கொண்டது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். பிறகு சென்சாருக்கு மேல் சிறு மறைப்பு வைத்தார்கள், ஈரம் இழுக்காத காகிதத்துக்கு மாறினார்கள். பழுதின் அளவு அதன்பின் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் ஜன்னல் ஓரத்திலோ, தலைக்கு நேர்மேலே எரியும் பல்புக்குக் கீழேயோ மறைவை அமைக்கக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. பள்ளி வகுப்பறையில் எங்கே மறைவு வைப்பது என்பதை முந்தைய நாள் மாலை முடிவு செய்கிறோம். அப்போது விளக்கை எரியவிட்டுப் பார்க்க வேண்டும். காலையில் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை இது.

அடுத்தது விவிபேட்டின் பின்பக்கம் உள்ள திருகு. படுக்கை நிலையில் இருந்தால் காகிதச் சுருள் பூட்டப்பட்டிருக்கிறது, அதாவது எடுத்துச் செல்லும் நிலை. நிமிர்ந்த நிலையில் இருந்தால் வேலைக்குத் தயார். பூட்டைத் திறக்காமல் கன்ட்ரோல் யூனிட்டை ஆன் செய்தால் காகிதம் நகராது, பிழை காட்டும், நல்ல கருவி பழுதுக் கணக்கில் சேர்ந்துவிடும். மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் மறக்காமல் மறுபடி படுக்கை நிலைக்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் வண்டி குலுங்கும்போது உள்ளே சுருள் ஆடும்.

கன்ட்ரோல் யூனிட் திரையில் லிங்க் எரர் (இணைப்புப் பிழை) வந்தால் பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் கேபிள்தான். முதலில் கன்ட்ரோல் யூனிட்டை அணைத்துவிட்டு, பிறகுதான் கனெக்டரைத் தொட வேண்டும். இருபுறக் கிளிப்பையும் உள்நோக்கி அழுத்தினால் அது தானாக வரும். கேபிளைப் பிடித்து இழுத்தால் முனை கெடும், பிறகு உண்மையிலேயே பழுதாகிவிடும். பேலட் யூனிட்டுகள் பல இருந்தால் இணைப்பு வரிசை மாறினாலும் இதே பிழை வரும். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 வேட்பாளர்கள், நோட்டாவுடன் 78. ஒரு யூனிட்டில் 16 பொத்தான்கள் என்பதால் ஒவ்வொரு சாவடிக்கும் 5 பேலட் யூனிட் தேவைப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் கரூரில் 54 வேட்பாளர்கள், 4 யூனிட்டுகள். எம்3 என்ற மூன்றாம் தலைமுறை இயந்திரம் 24 யூனிட் வரை தாங்கும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு யூனிட்டும் ஒரு கேபிளையும் ஒரு கனெக்டரையும் கூட்டுகிறது, பிசகும் இடமும் அதற்கேற்பக் கூடுகிறது. பிரஸ்ட் எரர் என்று வந்தால் ஏதோ ஒரு வேட்பாளர் பொத்தான் அமுங்கியபடியே நிற்கிறது. இன்வேலிட் என்று வந்தால் அது பழுதே இல்லை, பொத்தான்களை முறை மாற்றி அழுத்தியிருக்கிறோம்.

பேட்டரியைப் பற்றிய குழப்பம் தனி. எம்3 கன்ட்ரோல் யூனிட்டுக்கு 7.5 வோல்ட், விவிபேட்டுக்கு 22.5 வோல்ட். இரண்டும் மறுமுறை சார்ஜ் செய்ய முடியாத பவர் பேக்குகள். திரையில் காட்டும் சதவீதம் கைபேசியில் வருவதுபோல் சீராக இறங்காது. மின்னழுத்தம் 7.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்வரை 99 என்றே நிற்கும், அதற்குக் கீழே போன பிறகுதான் எண் குறையும். நாள் முழுக்க ஓடிய இயந்திரம் எண்ணும் மேசையில் 99 காட்டுகிறதே என்று வேட்பாளர்களின் முகவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இந்த விவரத்தைக் காலையில் சோதனைக்காக நடத்தும் மாதிரி வாக்குப்பதிவின்போதே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. விவிபேட்டின் பவர் பேக்கை மாற்ற வேண்டிவந்தால் கன்ட்ரோல் யூனிட் அணைந்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பழுதுகள். திரையில் எழுத்து வரும், வரிசை நிற்கும், மண்டல அலுவலருக்குப் போன் போகும், ரிசர்வ் கருவி வரும். உண்மையான ஆபத்து சத்தமில்லாமல் நடக்கும் பிழையில் இருக்கிறது. அது பெரும்பாலும் மாதிரி வாக்குகளை அழிக்க மறப்பது.

வாக்குப்பதிவு தொடங்க 90 நிமிடத்துக்கு முன், முகவர்கள் முன்னிலையில், குறைந்தது 50 வாக்குகள் போட்டுப் பார்க்கிறோம். நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானுக்கும் வாக்கு விழ வேண்டும். பிறகு குளோஸ், ரிசல்ட், கிளியர் என்ற மூன்று பொத்தான்கள், இந்த வரிசையில். முடிவை விவிபேட் சீட்டுகளோடு ஒப்பிட்ட பின் கிளியர் செய்து, டோட்டல் அழுத்தி, பூஜ்யத்தை முகவர்களுக்குக் காட்ட வேண்டும். விவிபேட் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகளை எடுத்து, பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் வைத்து மூட வேண்டும். பெட்டி காலி என்பதையும் முகவர்கள் பார்க்க வேண்டும். இதில் எதுவும் கடினமில்லை. காலை 6.50-க்கு வெளியே வரிசை நீண்டு, உள்ளே பச்சைத் தாள் சீலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் வேளையில்தான் ஒரு படி நழுவும்.

அதைவிட எளிதில் நழுவும் இடம் இன்னொன்று உண்டு. வாக்குப்பதிவு நடக்கும்போது கன்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ பழுதானால் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய செட்டில் நோட்டா உட்பட ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு வீதம் மறுபடி மாதிரி வாக்குப்பதிவு. கரூர் போன்ற தொகுதியில் அது 55 வாக்கு. அதையும் குளோஸ், ரிசல்ட், கிளியர் செய்து, அந்தச் சீட்டுகளையும் எடுத்தாக வேண்டும். வெயிலில் நிற்கும் கூட்டம் சத்தம் போடும்போது இந்த இரண்டாவது முறையில் கவனம் சிதறுவது இயல்பு. பழுதானது விவிபேட் மட்டும் என்றால் விவிபேட்டை மட்டும் மாற்றினால் போதும், மாதிரி வாக்குப்பதிவு வேண்டாம். முழு செட்டையும் மாற்றியிருந்தால், பழைய கன்ட்ரோல் யூனிட்டில் அதுவரை விழுந்த வாக்குகள் அப்படியே இருக்கும், எண்ணும் நாளில் பழையது, புதியது இரண்டும் மேசைக்கு வரும்.

விவிபேட் மாற்றும்போது அச்சாகி, வெட்டுப்படாமல் சுருளிலேயே தொங்கும் சீட்டைப் பலர் உதவி செய்வதாக நினைத்து உள்ளே தட்டிவிடுகிறார்கள். செய்யவே கூடாது. அந்த வாக்கு கன்ட்ரோல் யூனிட்டில் பதிவாகவில்லை. சீட்டு பெட்டியில் விழுந்தால் பின்னால் எண்ணும்போது ஒன்று கூடுதலாக வரும். அந்த வாக்காளரைப் புதிய விவிபேட்டில் மறுபடி வாக்களிக்க விட்டு, நடந்ததைத் தலைமை அலுவலரின் நாட்குறிப்பில் எழுத வேண்டும். சீட்டில் வேறு சின்னம் வந்தது என்று வாக்காளர் புகார் சொன்னால் நடத்தும் சோதனை வாக்கும் கணக்கைப் பாதிக்கும். எழுத்து மூலம் உறுதிமொழி வாங்கி, முகவர்கள் முன் போடவைத்து, புகார் பொய் என்றானால் அந்த ஒரு வாக்கை, பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவத்தில் தனியாகக் காட்ட வேண்டும்.

மாலையில் குளோஸ் பொத்தானை அழுத்த மறந்தால் எண்ணும் மேசையில் முடிவு வராது. மாதிரி வாக்குகள் அழிக்கப்படாத சாவடியின் யூனிட் எண்ணப்படாமல் ஒதுக்கி வைக்கப்படும். 2025-இல் விதி மாறும்வரை, தொகுதியின் வெற்றி வித்தியாசம் அப்படி ஒதுக்கியவற்றின் மொத்த வாக்குகளைவிட அதிகம் என்றால் முடிவு அப்படியே அறிவிக்கப்பட்டது. இல்லையென்றால் மட்டுமே விவிபேட் சீட்டுகளை எண்ணினார்கள்; இப்போது அந்தச் சாவடிகளின் சீட்டுகளைக் கட்டாயம் எண்ண வேண்டும். ஒரு சாவடியின் சில நூறு வாக்காளர்கள் வரிசையில் நின்று போட்ட வாக்கு, நம் ஒரு பொத்தான் மறதியால், கணக்கில் சேராமலே போக முடிந்தது. இதை நினைத்தால் மனம் கனக்கிறது.

பயிற்சி வகுப்புகளில் திரையில் படம் காட்டுவது போதாது. நூறு பேருக்கு ஒரு இயந்திரத்தை மேடையில் வைத்து விளக்கினால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. தலைமை அலுவலர் மட்டுமின்றி, கன்ட்ரோல் யூனிட்டில் உட்காரப்போகும் அலுவலரும் தன் கையால் ஒரு முழு செட்டைக் கழற்றி, வேறொன்றை இணைத்து, வேட்பாளருக்கு ஒரு வாக்கு போட்டு, அழித்து, பூஜ்யம் காட்டிப் பழக வேண்டும். சாவடியில் கருவி மாறினால் பழைய வரிசை எண், புதிய வரிசை எண், நேரம், அதுவரையான மொத்த வாக்கு ஆகிய நான்கையும் நாட்குறிப்பில் அப்போதே எழுதி, முகவர்களிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மாலையில் 17சி நகல் கொடுக்கும்போது அந்த எண்களை அவர்களும் சரிபார்த்துக்கொள்ளலாம்.